நல்ல எலக்ட்ரீஷியனைக் கடைக் கவுண்டரில் தேடுங்கள்

எங்கள் எலக்ட்ரிகல் கடை ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதிப் பக்கம். அப்பா தொடங்கியது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். பல்பு கேட்டு வருபவர்களுக்குச் சமமாக ஆள் கேட்டு வருபவர்களும் உண்டு. "டியூப்லைட் மாட்ட ஒரு ஆள் சொல்லும்மா" என்று ஆரம்பிப்பார்கள். பிறகு நிபந்தனைகள் வரும்: வேலை சுத்தமாக இருக்க வேண்டும், காசு அதிகம் கேட்கக்கூடாது, இன்றைக்கே வர வேண்டும். மூன்றும் பொருந்தி வருகிற ஆள் எந்த ஊரிலும் கிடையாது. முதலாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைப் பேசிக்கொள்ளலாம். மூன்றாவதற்கு ஒரு மெழுகுவர்த்தி போதும்.

எலக்ட்ரீஷியனைத் தேட நான் சொல்லும் முதல் இடம், உங்கள் தெருவுக்குப் பக்கத்திலுள்ள எலக்ட்ரிகல் கடை. என் பிழைப்புக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். காலையில் வேலைக்குப் போகும் முன் எலக்ட்ரீஷியன்கள் எல்லோரும் வந்து நிற்பது கவுண்டரில்தான். ஒருவர் வந்து, "அக்கா, ஒன்றரை ஸ்கொயர் வயரில் சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றும் கொடுங்கள்" என்பார் (ஸ்கொயர் என்பது கம்பியின் குறுக்குவெட்டு, சதுர மில்லிமீட்டரில்). இன்னொருவர், "ஏதாவது ஒரு கலர், விலை குறைச்சலாக இருப்பதைப் போடுங்கள்" என்பார். முதல் ஆளுக்கு ஃபேஸ் (மின்சாரம் வரும் கம்பி), நியூட்ரல் (அது திரும்பும் கம்பி), எர்த் (பாதுகாப்புக்காக மண்ணுக்குப் போகும் கம்பி) மூன்றும் தனித்தனி நிறத்தில் போக வேண்டும் என்ற கவலை இருக்கிறது. இரண்டாவது ஆள் மாட்டிவிட்டுப் போன வீட்டில், அடுத்து சுவிட்ச் பாக்ஸைத் திறப்பவர் எது எந்தக் கம்பி என்று தெரியாமல் தடுமாறுவார். யார் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குகிறார், யார் மீதி வயரைத் திருப்பிக் கொண்டுவந்து வீட்டுக்காரர் பெயரில் வரவு வைக்கச் சொல்கிறார், யார் வாரம் ஒருமுறை அதே வீட்டுக்கு அதே சாமானை மறுபடி வாங்குகிறார் என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியும். ஆகவே "நல்ல ஆள் யார்?" என்று கேட்காதீர்கள். "உங்கள் சொந்த வீட்டு வேலைக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வேறாக வரும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சாமான் வாங்கும் எலக்ட்ரீஷியனுக்குக் கடைக்காரர் கமிஷன் தருவது எங்கள் தொழிலில் வெகுநாள் பழக்கம். அதில் திருட்டு எதுவும் இல்லை; ஆனால் பில் ஏறுவதற்கு அது ஒரு வழி. தப்பிப்பது சுலபம். என்னென்ன சாமான், எந்த அளவு, எத்தனை என்று எலக்ட்ரீஷியனிடம் எழுதி வாங்கிக்கொண்டு நீங்களே கடைக்குப் போங்கள். வயர் பொதுவாக 90 மீட்டர் சுருளாக வரும். ஒரே ஒரு விளக்குக்கு லைன் இழுக்க முழுச் சுருள் எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற கடைகளும் உண்டு.

கடைக்கு அடுத்து நான் நம்புவது, பக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளை. பூச்சுக்கு முந்தைய நிலையில் உள்ளே போய்ப் பாருங்கள். சுவரில் காடி (பைப் பதிக்க வெட்டும் பள்ளம்) நேராக ஓடுகிறதா, குறுக்கும் நெடுக்குமாக வெட்டப்பட்டிருக்கிறதா, பாக்ஸ்கள் மட்டம் பார்த்து உட்கார்ந்திருக்கின்றனவா என்பது கண்ணுக்குத் தெரியும். மேஸ்திரியிடம் கேட்டால் எண் கிடைத்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் அங்கே வழக்கமாக வருகிற ஆளுக்கு எந்த லைன் எங்கே போகிறது என்று தெரியும், அதுவே பாதி வேலை. இணையத்தில் எண்ணைப் பதிந்தால் மளமளவென்று அழைப்புகள் வரும். பேசுகிறவர் ஒருவர், வருகிறவர் வேறொருவராக இருப்பார். புது ஊருக்குக் குடிபோயிருக்கிறீர்கள், யாரையும் தெரியாது என்றால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் கீழே சொல்லப்போகும் சோதனைகளை அவருக்கும் வையுங்கள்.

சான்றிதழ் கேட்க வேண்டுமா?

சட்டம் இதில் தெளிவாக ஒரு கோடு போட்டிருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, விளக்கு, விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மின்னமைப்பின் திறனும் தன்மையும் மாறாமல் மாற்றுவதற்கு மட்டும்தான் விலக்கு. புது லைன் இழுப்பது, இருப்பதை மாற்றியமைப்பது போன்ற மற்ற வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இந்த உரிமங்களையும் மின் கம்பியாளர், மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழ்களையும் கொடுப்பது சென்னையிலுள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு வருடப் படிப்பு. படிக்காமல் வேலையில் கற்றுக்கொண்டவர்களுக்கும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்றை அரசு நடத்துகிறது.

நடைமுறையில் என் கணக்கு இது. ஹோல்டர் மாற்ற, டியூப்லைட் பட்டி மாட்ட வருகிறவரிடம் நான் காகிதம் கேட்பதில்லை. கையைப் பார்த்தே தெரிந்துவிடும். வீடு முழுக்க வயரிங் மாற்றுவது, மெயின் போர்டை மாற்றுவது, மாடியில் புதிதாக லைன் கொண்டுபோவது என்றால் உரிமம் உள்ள ஒப்பந்ததாரர்தான் பொறுப்பேற்க வேண்டும். அந்த அட்டையைக் காட்டச் சொல்வதில் கூச்சம் தேவையில்லை. வைத்திருப்பவர் பெருமையாகக் காட்டுவார்.

தொலைபேசியில் என்ன சொல்வது

"லைட் எரியவில்லை, வாருங்கள்" என்று மட்டும் சொன்னால் அவர் எந்தச் சாமானையும் எடுத்துக்கொள்ளாமல் வருவார். பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்புவார். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் கூலி. கூப்பிடும் முன் சில விஷயங்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையா, அந்த அறை முழுக்கவா, பாதி வீடா? ஒரு விளக்கு என்றால் வேறு இடத்தில் எரிகிற பல்பைக் கழற்றி அங்கே போட்டுப் பாருங்கள், சுவிட்சை நிறுத்திவிட்டு. பாதி வீடு இருண்டிருந்தால் டி.பி. பாக்ஸில் (வீட்டு லைன்களுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பெட்டி) ஏதாவது எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) கீழே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் அந்தப் பகுதியின் சுவிட்சுகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எம்.சி.பி.யை ஒருமுறை தூக்குங்கள். பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போடுங்கள். எந்தச் சுவிட்சுக்கு விழுகிறதோ அந்த லைனில் கோளாறு. எல்லாம் நிறுத்தியும் தூக்கியவுடன் விழுந்தால், மறுபடி மறுபடி தூக்கிக்கொண்டிருக்காதீர்கள். எரிந்த வாடை, சுவிட்சில் சடசட சத்தம், பலகை சூடாக இருப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். ஃபிட்டிங்கையும் டி.பி. பாக்ஸையும் புகைப்படம் எடுத்து அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது.

சில விஷயங்களுக்கு எலக்ட்ரீஷியனே தேவையில்லை. தெருவிளக்கு மாநகராட்சியின் வேலை. பக்கத்து வீடுகளும் இருண்டிருந்தால், அல்லது மும்முனை இணைப்பில் ஒரு ஃபேஸ் மட்டும் போயிருந்தால், அது மின்வாரியம் பார்க்க வேண்டியது. 2021இல் தொடங்கிய மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். மீட்டருக்கு முன்னால் உள்ளதெல்லாம் வாரியத்தின் பொறுப்பு. மீட்டர் சீலை உடைத்துச் சரிசெய்து தருகிறேன் என்று சொல்கிற தனியார் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சில விளக்குகள் வழக்கத்தைவிடப் பளிச்சென்றும் சில மங்கியும் எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கலாம். அப்படியானால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதைவிட மிக அதிகமாக வந்து, டிவியும் ஃபிரிட்ஜும் போய்விடும். யோசிக்காமல் மெயினை நிறுத்திவிட்டுப் பிறகு போன் செய்யுங்கள்.

வந்தவுடன் அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள்

ஆளை எடைபோட எனக்குத் தெரிந்த சிறந்த வழி, நாம் கேள்வி கேட்பதைவிட அவர் கேட்கிற கேள்வியைக் கேட்பது. "மெயின் எங்கே?" என்று கேட்காமல் ஸ்டூலில் ஏறுகிறவர் எனக்கு வேண்டாம். இன்னும் நல்ல ஆள் அடுத்ததாக, "இன்வெர்ட்டர் இருக்கிறதா?" என்பார். இந்த ஒரு கேள்விக்காகவே நான் சிலரைப் பலருக்குச் சிபாரிசு செய்கிறேன். மெயினை நிறுத்தினாலும் இன்வெர்ட்டர் லைனில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் இன்வெர்ட்டர் ஓட்டுவதே விளக்கையும் விசிறியையும்தான். அதாவது, அவர் கை வைக்கப்போகும் அதே கம்பிகள். மெயினை நிறுத்தியாயிற்று என்று நம்பிக் கை வைத்து ஷாக் வாங்கிக்கொண்டு கடைக்கு வந்து டீ குடித்த பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, எப்போதிலிருந்து இப்படி என்று கேட்பார். நான்காவது, பழுதான சாமானைக் கையில் எடுக்கும் முன் அதற்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பார்.

மேலச் சித்திரை வீதியில் ஒரு மாமி. கூடத்தில் ஒரே இடத்தில் எல்.இ.டி. பல்பு போட்டுப் போட்டுப் போய்க்கொண்டே இருந்தது. "நீ கொடுக்கிற பல்பு ஒன்றும் சரியில்லை" என்று என்னிடம் சண்டை. எங்கள் கடைக்கு வருகிற பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு நானே போனேன். அவர் பல்பைத் தொடவே இல்லை. மெயினையும் இன்வெர்ட்டரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, டெஸ்டரை வைத்து உறுதி செய்துகொண்டு, மரத்தாலான ஸ்டூலில் ஏறி சீலிங் ரோஸின் (கூரையில் விளக்கின் கம்பிகளை இணைக்கும் வட்டப் பெட்டி) மூடியைத் திருகினார். உள்ளே நியூட்ரல் ஸ்குரூ இளகி, செம்புக் கம்பி கறுத்துப் போயிருந்தது. மேலே இருந்த உறை விரல் பட்டதும் அப்பளம்போல் நொறுங்கியது. தளர்ந்த இணைப்பில் பொறி பறந்து பறந்து, ஒவ்வொரு பல்பின் டிரைவரையும் (எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக்கொடுக்கும் உள்பாகம்) தின்றிருக்கிறது. கறுத்த நுனியை வெட்டிவிட்டு, பளபளப்பான செம்பு தெரிகிற வரை உறையை உரித்து, புது சீலிங் ரோஸும் ஹோல்டரும் போட்டார். "இந்தக் கம்பியே வயதானது மாமி. இப்போதைக்கு ஓடும். ஆனால் கூடத்து லைனை மாற்ற வேண்டியிருக்கும்" என்று இறங்கும்போது சொன்னார். பயமுறுத்தி அன்றைக்கே வேலையைப் பிடிக்கவும் இல்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்று மூடி மறைக்கவும் இல்லை. இப்படிப் பேசுகிற ஆள் கிடைத்தால் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்ப் பழைய வீடுகளுக்கு இது மிக முக்கியம். மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை, அதன் உத்திரத்தை ஒட்டி மரப்பட்டியில் ஓடும் வயரிங், சில இடங்களில் பருத்தி நூல் சுற்றிய ரப்பர் வயர். விளக்குகளுக்கு எர்த் கம்பி இருக்காது. இதில் கை வைக்கப் பழகியவர் வேண்டும். புது அடுக்குமாடிகளில் மட்டும் வேலை செய்த பையன் வந்தால், ஒன்றைத் தொட மூன்று அறுந்துவிடும். அதேபோல் மேலிருந்தும் கீழிருந்தும் போட்டு அணைக்கிற மாடிப்படி விளக்கின் டூ வே சுவிட்சைச் சரிசெய்யச் சொல்லிப் பாருங்கள். தொழில் தெரிந்தவருக்கும் குருட்டாம்போக்கில் செய்பவருக்கும் வித்தியாசம் அங்கே வெளிவந்துவிடும்.

அம்மா மண்டபம் சாலைப் பக்கத்துப் புது ஃபிளாட்களில் பிரச்சினை வேறு. எல்லோரும் ஃபால்ஸ் சீலிங் போட்டு அதில் வரிசையாகப் பேனல் விளக்குகளைப் பதிக்கிறார்கள். பேனல் விளக்கு எரியவில்லை என்றால் பல நேரம் போவது உள்ளே இருக்கிற சிறிய டிரைவர் மட்டும்தான். அதை மட்டும் மாற்றலாம். முழு விளக்கையும் மாற்றச் சொல்கிறவரிடம் டிரைவரைச் சோதித்தீர்களா என்று கேளுங்கள். புதிதாகப் போடும்போது, ஓட்டை வெட்டும் முன் விளக்கைக் கையில் வாங்கி வைத்து அளவு சரிபாருங்கள். ஜிப்சம் பலகையில் வெட்டியதை ஒட்ட முடியாது. கனமான தொங்கு விளக்கு என்றால் அது கான்கிரீட் தளத்திலிருந்து கொக்கி போட்டுத் தொங்க வேண்டும். பலகையில் ஸ்குரூ போட்டு மாட்டுவதை அனுமதிக்காதீர்கள்.

எழுந்து போய்த் தடுக்க வேண்டிய வேலைகள்

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று சொன்னால், சிலர் 10 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியரைப் போட்டுவிட்டு, "இனி விழாது" என்பார்கள். உண்மைதான், விழாது. சுவருக்குள் கம்பி சூடாகி உருகும்போதும் விழாது. விளக்கு லைனுக்கு வழக்கமாக ஒன்றரை ஸ்கொயர் செம்புக் கம்பியும் 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி.யும் போதும். எம்.சி.பி. பாதுகாப்பது பல்பை இல்லை, கம்பியை.

நியூட்ரல் கிடைக்கவில்லை என்று பச்சைக் கம்பியிலிருந்து எடுத்து விளக்கை எரியவைப்பது இன்னொரு அட்டூழியம். விளக்கு அழகாக எரியும். என்றைக்காவது எர்த் எங்காவது விட்டுப்போனால், அந்தக் கம்பியோடு சேர்ந்த ஃபிரிட்ஜின் உடம்பிலும் வாஷிங் மெஷினிலும் மின்சாரம் நிற்கும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) இருந்தால் இந்தக் குறுக்கு வழிக்கு அது உடனே விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் சிலர் ஆர்.சி.சி.பி.யையே கழற்றச் சொல்கிறார்கள். கழற்ற விடாதீர்கள்.

சுவிட்ச் ஃபேஸில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் போட்டிருந்தாலும் விளக்கு அணையும், எரியும். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரில் டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், அவர் கையால். அணைத்த எல்.இ.டி. இரவில் மெல்லியதாக மின்னிக்கொண்டிருந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சுவிட்சில் சிறு இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் அப்படி மின்னும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

இணைப்புகள் ஜங்ஷன் பாக்ஸுக்குள் இருக்க வேண்டும். பைப்புக்குள்ளும் ஃபால்ஸ் சீலிங்கின் மேலும் முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போனால், அடுத்த கோளாறைக் கண்டுபிடிக்கக் கூரையை வெட்ட வேண்டியிருக்கும்.

மழைக்காலத்தில் ஒரு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடித் தண்ணீர் பைப் வழியாக இறங்கி விளக்குக்குள் சொட்டும். அந்த லைனின் எம்.சி.பி.யை நிறுத்திவைத்துவிட்டு முதலில் ஒழுகலைச் சரிசெய்யும் ஆளைக் கூப்பிடுங்கள். தண்ணீர் வருகிற வரை எந்த எலக்ட்ரீஷியனாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஃபிட்டிங் மட்டும் மாற்றிக்கொண்டிருப்பார்.

கூலி பேசுவது

சிறு பழுதுக்கு வந்து பார்க்கும் கூலி என்று ஒன்று உண்டு. வேலை செய்தால் அது கூலியில் கழியுமா, தனியா என்று வரும் முன்பே கேட்டுவிடுங்கள். புது விளக்குகளுக்குப் "பாயிண்ட்" கணக்கு, அதாவது லைன் இழுக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் இவ்வளவு என்று. அந்த ஒரு சொல்லில்தான் தகராறு எல்லாம். பாயிண்ட் விலையில் காடி வெட்டுவது சேருமா? வெட்டிய இடத்தைப் பூசுவது யார்? சாமான் உட்பட்டதா, கூலி மட்டுமா? விளக்கை மாட்டித் தருவது அதிலேயே அடங்குமா, அதற்குத் தனியா? டூ வே சுவிட்ச் ஒரு பாயிண்டா, இரண்டா? இவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்கும்போது இதே கேள்விகளை எல்லோரிடமும் கேட்டால்தான் ஒப்பிட முடியும். மிகக் குறைவாகச் சொன்னவர் வயரிலோ சுவிட்சிலோ அதை எடுத்துக்கொள்வார்.

முன்பணம் கேட்டால் சாமானுக்கு மட்டும் கொடுங்கள்; கடைக்கு நேராகக் கொடுத்துவிட்டால் இன்னும் நிம்மதி. கூலியில் ஒரு பகுதியை, எல்லா விளக்குகளையும் ஒரே நேரத்தில் போட்டுச் சிறிது நேரம் எரியவிட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள். டி.பி. பாக்ஸில் எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். இதற்கு யாரும் கூலி கேட்பதில்லை, ஆனால் கேட்காவிட்டால் யாரும் செய்வதுமில்லை.

நாள் பார்த்தும் கூப்பிடலாம். தையிலும் ஆவணியிலும் கிரகப்பிரவேசங்கள் நெருக்கும், எந்த நல்ல ஆளும் கையில் சிக்க மாட்டார். தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் அப்படித்தான். ஆடி மாதத்தில் புது வீட்டு வேலைகள் குறையும். கூடத்து வயரிங்கை மாற்ற வேண்டும் என்று தள்ளிப்போட்டிருப்பவர்கள் அப்போது பேசினால் ஆளும் கிடைப்பார், விலையும் கொஞ்சம் இறங்கும்.

விளக்குகளுக்கு உத்தரவாதம் உண்டு. மாட்டிய தேதியை மார்க்கரால் பல்பின் அடிப்பகுதியில் எழுதிவிடுங்கள். பெட்டியை எலக்ட்ரீஷியன் குப்பையில் போடுவதற்கு முன் வாங்கி, பில்லை அதற்குள் மடித்து வையுங்கள். பில் இல்லாமல் எரியாத பல்போடு மட்டும் வந்து நின்றால், என்னால் கம்பெனிக்காரரிடம் வாதாட முடியாது.